கீபோர்டின் மேல் கைக்குட்டை

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்கிறார்களே, அதை எனக்குச் செய்தவர், மின்சாரம் போன மதியங்களில் என் கழுத்து வியர்வையைத் தம் முந்தானையால் துடைத்துவிட்டவர். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, ஆறின மனதோடு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. காரைக்கால் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பிரான்சில் பிள்ளையோ தம்பியோ இருக்கிற குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளைத் தேடி வாங்கி, மொழிபெயர்த்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பித் தருவோம். நிர்வாகியை எல்லோரும் முசியே என்று அழைப்போம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி எத்தனையோ வருஷமாகியும் அந்தச் சொல் மட்டும் எங்கள் மாடிப்படியை விட்டு இறங்கவில்லை.

அவருக்குக் கீழே மூன்று பேர். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிக்கும் அக்கா. கோயில் தெருப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், காலைப் பூசை முடித்துவிட்டு நேரே வேலைக்கு வருவார், அங்கே இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கவுன்ட்டரில் மனு வாங்கும் அண்ணன், போலகத்திலிருந்து சைக்கிளில் வருவார், ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. மூன்றாவது நான். தலத்தெருக்காரி. கும்பகோணத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஆறு மாதத்துக்கே ஊரில் எனக்கு விஞ்ஞானி மரியாதை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்த அலுவலகத்தில் எல்லாம் கட்டுகள்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டு. அலமாரியிலிருந்து கட்டை எடுத்து மேசையில் பிரித்தவர், எழுந்து போக நேர்ந்தால் அதன் மேல் தன் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போவார். கைக்குட்டை கிடக்கிற கட்டை முசியேகூடத் தொடமாட்டார். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே நியாயம். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறினதில்லை.

முசியே வெளியூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, ஒரே மூச்சில் நான்கு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். அவர் அறையில் இருந்த பெரிய பெட்டியில்தான் எல்லாக் குடும்பங்களின் விவரமும் இருக்கும். அங்கிருந்து ஒரு கறுப்புக் கேபிள் எங்கள் மூன்று மேசைக்கும் ஓடும். யார் மேசையிலிருந்து வேண்டுமானாலும் எந்தக் குடும்பத்தையும் பார்க்கலாம், திருத்தலாம். அந்தப் புரோகிராமை எழுதியது நான்.

"ஒரு வருஷம் ஒழுங்கா ஓடிச்சுன்னா உங்க வேலை நிரந்தரம்மா. ஓடலைன்னா பெட்டியையும் அனுப்பிடுவேன், உங்களையும் அனுப்பிடுவேன்" என்று சேர்ந்த அன்றே முசியே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து வயலைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. தங்கை பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்தி.

கட்டுகளில் இருந்ததை எல்லாம் பெட்டியில் ஏற்றுவதற்கு அக்கா இல்லாமல் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. பழைய பதிவேட்டை அவர் எத்தா சிவில் என்பார். அதன் மங்கிய நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒரே ஆளு, ஞானஸ்நானத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு" என்று சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். மதியம் இருவர் டப்பாவையும் ஒரே மேசையில் திறப்போம். வெள்ளிக்கிழமை இரண்டிலும் கறி இருக்காது. அவருக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம். எனக்கு அக்கா என்று பிறந்தவள் இல்லை, இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "பாத்து இரு" என்றாள். அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு குடும்பத்தின் பதிவை எப்படித் திறப்பது, எப்படித் திருத்துவது, எப்படி மூடுவது. கண் வலிக்கிறது என்றார். திரையின் கீழ் ஓரத்தில் இருந்த சின்னத் திருகியைக் காட்டி, "இதைத் திருகுனா வெளிச்சம் கொறையும்க்கா, உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி வச்சுக்குங்க" என்றேன். நான்தான் காட்டினேன். என் விரலால்தான் காட்டினேன்.

எட்டாவது மாதம் தொல்லை ஆரம்பித்தது. காலை பதினொரு மணி வாக்கில் கவுன்ட்டர் அண்ணன் குரல் கொடுப்பார்: "இது மாட்டேங்குதும்மா." போய்ப் பார்த்தால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கோப்பு வேறொருவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று. என் மேசைக்கு வந்து பார்த்தால் அங்கும் அதே வரி.

விஷயம் இவ்வளவுதான். ஒரு மேசையில் ஒரு பதிவைத் திருத்துவதற்காகத் திறந்தால், மூடும்வரை மற்ற மேசைகளில் திருத்த முடியாதபடி பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே பதிவில் கை வைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார்கள். பயந்தாங்கொள்ளியாகிய நான், அந்த ஒரு பதிவை மட்டும் பூட்டாமல் முழுக் கோப்பையும் பூட்டுகிற மாதிரி எழுதியிருந்தேன். அதாவது ஒருவர் ஒரு குடும்பத்தைத் திறந்து வைத்தால், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் சேர்த்துத் தாழ்ப்பாள். திருத்துவது இரண்டு நிமிஷ வேலைதானே, மற்றவர் காத்திருக்கட்டும் என்பது என் கணக்கு. பதினொரு மணிக்கு விழுந்த தாழ்ப்பாள், அப்படியே விட்டால் ஒரு மணிவரை திறக்காது.

ஆனால் அந்த நேரத்தில் யாரும் எதையும் திறந்து வைத்திருக்கவில்லை. அண்ணன் கவுன்ட்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் இங்கே. அக்கா பத்தே முக்காலுக்கே நகல் வாங்கப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார், ஒரு மணிக்குத்தான் வருவார். அவர் திரை அணைந்து கறுப்பாக இருந்தது. கீபோர்டின் மேல் அவருடைய வெள்ளைக் கைக்குட்டை கிடந்தது. தூசி படாமல் இருக்கப் போட்டிருக்கிறார், சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை என்று பெருமைப்பட்டேன்.

காத்திருந்தவர்கள் முணுமுணுத்ததும் முசியே பொறுக்காமல் பெரிய பெட்டியைப் பட்டென்று அணைத்துப் போடுவார். பூட்டு போய்விடும். கூடவே எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலும் உடைந்துபோகும். அதை மறுபடி உண்டாக்க எனக்கு அரை நாள். இப்படி வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்.

கேபிளைச் சந்தேகப்பட்டேன். கடற்காற்றில் எங்கள் ஊரில் துரு ஏறாத இரும்பு இல்லை. ஒவ்வொரு முனையையும் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினேன். அக்கா பஞ்சைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். எலி கடித்திருக்குமோ என்று மேசைக்கு மேசை தவழ்ந்து பார்த்தேன். அக்கா டார்ச் பிடித்தார். கம்ப்யூட்டர் விற்றவர்களுக்குச் சென்னைக்கு டிரங்கால் போட்டேன். அவர்களும் கேபிளைப் பார்க்கச் சொன்னார்கள். "ஒனக்கு இது சரியா வந்துடும், மாதாகிட்ட மெழுகுத்திரி ஏத்தியிருக்கேன்" என்றார் அக்கா. எனக்குக் கண் கலங்கியது. அந்த மெழுகுத்திரியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா தணிந்த குரலில் சொன்னார். "நான் சொன்னேன்னு வச்சுக்காதே. அவரு கை சும்மா இருக்காது. கண்டதையும் அமுக்குறாரு. எதையாவது தொறந்து போட்டுட்டு எனக்குத் தெரியாதுன்னு நிக்கிறாரோ என்னமோ."

கவுன்ட்டர் அண்ணனைத்தான் சொன்னார். எனக்கு அது பொருந்திப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் முதலில் குரல் கொடுத்தது அவர். கீபோர்டை ஒரு விரலால் குத்துகிறவர். வருஷம் முடிய ஆறு வாரம்தான் இருந்தது, எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை நேரே முசியேயிடம் போனேன்.

முசியே அவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். "இனிமே நீங்க அதைத் தொட வேணாம். கீழ் அறையில பழைய கட்டெல்லாம் கெடக்கு, அதை அடுக்குங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக் கதவு வழியாக அக்காவின் மேசையைப் பார்த்தார். "சரிங்க முசியே" என்றார். அவ்வளவுதான். ஜன்னலில்லாத அந்தக் கீழ் அறைக்கு அன்றே இறங்கிப்போனார். கவுன்ட்டரையும் நானே பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பூட்டு விழவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டில் கேசரி கிளறச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அதே வரி திரையில் வந்தது. கவுன்ட்டர் கம்ப்யூட்டரை அன்று நான் போடக்கூட இல்லை.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் நம்புங்கள். ஒருவரை முழுதாக நம்பினால் அவர் இருக்கிற திசையே கண்ணுக்குப் படாது. பிசகு என் புரோகிராமில்தான் என்று முடிவு செய்து, என்னை நானே பிடிப்பதற்காக அதில் ஒரு வரி சேர்த்தேன். யாராவது திருத்துவதற்குத் திறந்தால், எந்த மேசை, எத்தனை மணி என்று தனியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பதினொன்றே காலுக்கு அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி: மேசை இரண்டு, பத்து நாற்பத்தைந்து.

மேசை இரண்டு அக்காவுடையது. திரை கறுப்பு. கீபோர்டின் மேல் கைக்குட்டை. என் வரியில்தான் தப்பு என்று இன்னொரு தடவை சரிபார்த்தேன். பிறகு எழுந்து போனேன். மேசைக்கடியில் இருந்த அவர் கம்ப்யூட்டர் பெட்டியில் கை வைத்தேன். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேலே சீலிங் ஃபேன் போட்ட இரைச்சலில் இத்தனை நாள் அது காதில் விழவில்லை. திரையின் கீழ் ஓரத்தைத் தடவி அந்தச் சின்னத் திருகியைத் திருகினேன். கறுப்பிலிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. ஏதோ ஒரு குடும்பத்தின் பதிவு, திருத்துவதற்காகத் திறந்தபடி. எந்தத் திருத்தமும் இல்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். ஸ்பிரிட் பஞ்சு, டார்ச், மெழுகுத்திரி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அழுகை வரவில்லை. அவமானம்தான் வந்தது. தவழ்ந்து தவழ்ந்து கேபிளைத் தடவின என் முதுகுக்கு மேல் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

ஒரு மணிக்கு அக்கா வந்தார். திரை எரிந்துகொண்டிருப்பதையும், கைக்குட்டை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருப்பதையும் பார்த்தார்.

"பாத்துட்டியா" என்றார்.

"ஏன்க்கா?"

பையை வைத்துவிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். "மொதல்ல பழக்கத்துலதான் தொறந்து வச்சுட்டுப் போனேன். நான் பாக்குற குடும்பத்தை வேற யாரும் தொடக் கூடாதுன்னு. கட்டு மேல போடுறதில்லையா, அது மாதிரி. வந்து பாத்தா ஊரே நின்னு போயிருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"முசியே எங்கிட்ட என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமா? அந்தப் பொண்ணு எல்லாத்தையும் ஏத்தி முடிச்சதும் ரெண்டு பேரு எதுக்கு, பாப்போம்னாரு. இருபத்திரண்டு வருஷமா நான் தலையில வச்சிருந்ததை எங்கிட்டயே கேட்டுக் கேட்டு நீ பெட்டியில ஏத்துனே. நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். முழுசா ஏத்தி முடிச்சுட்டு என்னைக் காலி பண்ணுவே."

"எனக்கு அது தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா வேலையை விட்டுட்டுப் போயிருப்பியா?"

அப்பாவின் நெஞ்சும் தங்கையின் பள்ளிக்கூடமும் கண் முன்னால் வந்தன. போயிருக்க மாட்டேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "சரி, எனக்குச் செஞ்சீங்க. அண்ணன் என்ன பண்ணினாரு?" என்றேன்.

"முசியேகிட்ட போனது நீ" என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடவில்லை.

முசியேயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ரெண்டு பேரு எதுக்கு என்றீர்களாமே என்றும் கேட்டேன். அதைக் காதில் வாங்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த எழுத்தை வாசிக்க ஊர்ல வேற யாரும்மா இருக்கா? அவங்க இருக்கட்டும். ஒரு ஆளு தொறந்து வச்சா மொத்தமும் நின்னுபோற மாதிரி எழுதுனது நீங்கதானே. இன்னும் ஆறு மாசம் பாப்போம்." என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அவர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் அது அப்படிச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவி வாங்கிக்கொண்டு வந்து புரோகிராமைப் பிரித்து எழுதினேன். இனி யார் திறந்தாலும் பதிவின் நகல்தான் அவர் திரைக்கு வரும். திருத்திவிட்டுச் சேமிக்கும் அந்த ஒரு கணம் மட்டும் அந்த ஒரு பதிவுக்குப் பூட்டு. இடையில் வேறு யாராவது அதை மாற்றியிருந்தால் சேமிப்பதற்கு முன் சொல்லிவிடும். நாற்பது ஐம்பது வரி வேலை. கோபத்தில் எழுதியதாலோ என்னவோ ஒரு தப்பும் விழவில்லை.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு அக்கா கிளம்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே கீபோர்டின் மேல் கைக்குட்டையைப் போட்டார். பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றும் நிற்கவில்லை. அந்தக் கைக்குட்டைக்கு இனி வேலை இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன், சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மதியம் முசியேயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கீழ் அறைக்குப் போனேன். அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய கட்டைப் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பு என்னோடது. அக்காதான் திரையை அணைச்ச மாதிரி வச்சுட்டு..."

"தெரியும்மா" என்றார். துண்டை இறக்கினார். "என் நாற்காலியிலேருந்து பாத்தா தெரியும். டெய்லி கெளம்புறதுக்கு முன்னாடி திருகுவாங்க."

"எப்பலேருந்து தெரியும்?"

"மொதல் வாரத்துலேருந்து."

"அப்பறம் ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

இருமிவிட்டுச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறீங்க. ஒரே சிரிப்பும் பேச்சுமா இருக்கீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் ஏதோ நடக்குதுன்னு இருந்தேன். அன்னிக்கு முசியே ரூம்ல நீங்க நின்னதும் புரிஞ்சு போச்சு. என்னை எறக்குறதுக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து செஞ்சிருக்கீங்கன்னு."

"நான் இல்லைண்ணே. சத்தியமா எனக்குத் தெரியாது."

"இருக்கலாம்மா" என்றார்.

கவுன்ட்டர் காலியாகக் கிடக்கிறது, முசியே வரச் சொல்லிவிட்டார், மேலே வாருங்கள் என்றேன். எழுந்து வருவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, உதறி, பிரித்து வைத்திருந்த கட்டின் மேல் போட்டார். "எனக்கு இதுவே போதும்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கைக்குட்டை போட்டதை அந்த அலுவலகத்தில் யாரும் தொடக் கூடாது. நான் தனியாகப் படியேறினேன்.